கலத்துக்கு ஏற்ற எஞ்சின் எது?

பாயும் துடுப்பும் மரக்கலத்தைச் செலுத்திய காலம் மிக நெடிது. எண்ணெயால் இயங்கும் எஞ்சின் அதனைச் செலுத்தத் தொடங்கி இன்னும் நூற்றைம்பது ஆண்டுகள் நிறையவில்லை. ஆயினும் இக்குறுகிய காலத்துள்ளே, கலம் வாங்குவோரும் கட்டுவோரும் முதற்கண் விடைகாண வேண்டிய வினாவொன்று எழுந்துவிட்டது. எஞ்சினைக் கலத்தின் வயிற்றினுள் வைப்பதா, அன்றிப் பின்புறத்தே வெளியிற் பூட்டுவதா என்பதே அவ்வினா.

அமெரிக்காவின் புளோரிடாக் கரையிலே ஐம்பது அறுபது அடி நீளமுள்ள உல்லாசக் கலம் வாங்கும் செல்வர் இவ்வினாவை எழுப்புகின்றார். பதினெட்டு அடிப் படகோடு விடியற்காலையிற் கடலுக்குச் செல்லும் எம்மூர்த் தொழிலாளியும் இதனையே எழுப்புகின்றார். முன்னவர் தவறாகத் தெரிந்தெடுப்பின் இழப்பது பெரும்பாலும் பணம்; பின்னவர் இழப்பது பிழைப்பு; ஒரோவழி உயிருமாம். எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று கடல்கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். ஊரிலுள்ள கடற்றொழிலாளருக்குப் படகும் எஞ்சினும் வாங்கிக் கொடுக்கப் பொருளனுப்பும் எண்ணம் அவர்களுட் பலருக்கு உண்டு. அந்நல்லெண்ணம் நற்பயன் தருதல் வேண்டுமாயின் இவ்வினாவின் இயல்பை அறிந்திருத்தல் நன்று. ஆதலின் பெருங்கலத்தை முன்வைத்து இருவகை எஞ்சின்களின் தன்மையையும் விளக்கி, ஈற்றில் எம் கடலுக்கு அவ்விளக்கம் பொருந்துமாற்றைக் கூறுவாம்.

இருவகையும் அவற்றின் பிறப்பும்

கலத்தினுள்ளே, பெரும்பாலும் நடுவிற்குச் சற்றுப் பின்னாக, அடித்தளத்தில் உறுதியாகப் பொருத்தப்படுவது உள்ளிணைப்பு எஞ்சின். அதிலிருந்து புறப்படும் நீண்ட உருக்குத் தண்டு கலத்தின் அடியைத் துளைத்து வெளிச்சென்று, நீருள் இருக்கும் விசிறியைச் சுழற்றும். விசிறிக்குப் பின்னே நிற்கும் சுக்கான் கலத்தைத் திருப்பும். வெளியிணைப்பு எஞ்சினோ கலத்தின் பின்பலகையில் வெளிப்புறமாகப் பூட்டப்படுவது. கடற்கரை மக்கள் இதனை அவுட்போட் என்றே வழங்குவர். எஞ்சின் தலை மேலே இருக்க, நிமிர்ந்த தண்டும் பற்சக்கரங்களும் விசிறியும் ஒரே கூட்டினுள் கீழ்நோக்கி அமைந்திருக்கும். அக்கூடு முழுவதையும் இடம் வலமாகத் திருப்பினாற் கலம் திரும்பும். ஆதலின் இதற்குத் தனிச் சுக்கான் வேண்டுவதில்லை.

ஜேர்மனியிலே டைம்லரும் மைபாக்கும் தாம் ஆக்கிய சிறு எஞ்சினை 1886ஆம் ஆண்டிற் படகொன்றினுள் வைத்து நெக்கர் ஆற்றில் ஓட்டினர். எளிதில் தீப்பற்றும் எண்ணெயுடன் ஓடும் படகில் ஏற மக்கள் அஞ்சுவரென எண்ணிப் படகின் ஓரமெங்கும் கம்பிகளைக் கட்டி, அது மின்சாரத்தால் ஓடுவதெனத் தோன்றச் செய்தனர் என்பர். அக்கதை மெய்யாயினும் ஆகுக, புனைவாயினும் ஆகுக. படகினுள் இருக்கும் எண்ணெய் குறித்த அச்சம் அன்றே தோன்றிவிட்டதென்பதை அது காட்டும்.

வெளியிணைப்பு எஞ்சினை மக்களிடையே பரப்பியவர் ஓல் எவின்றூட் என்பவர். நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய இவர், மில்வோக்கி நகரில் 1909ஆம் ஆண்டு முதல் இவ்வகை எஞ்சின்களை விற்கலானார். அவரது முதல் எஞ்சினின் வலு ஒன்றரைப் பரிவலு. எடை 62 றாத்தல். ஒருவன் தூக்கிச் சென்று எந்தத் தோணியிலும் பூட்டலாம் என்பதே அதன் சிறப்பு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் விளங்கிய அவர் பெயரிலான எஞ்சின்களின் உற்பத்தி 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆயினும் அவர் பரப்பிய முறை உலகின் கடற்கரைகள் எங்கும் நிலைபெற்றுவிட்டது.

உள்ளிணைப்பின் வலிமை

பெருங்கலங்களின் உள்ளிணைப்பு எஞ்சின்கள் பெரும்பாலும் டீசலால் இயங்குவன. 1897ஆம் ஆண்டில் உறூடோல்வ் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இவ்வகை எஞ்சினில் மின்பொறிக்கு வேலையில்லை. உருளையினுள்ளே காற்று மிகுதியாக நெருக்கப்படும். நெருக்கத்தால் எழும் வெப்பத்தில் எண்ணெய் தானே பற்றும். இவ்வளவு நெருக்கத்தைத் தாங்கும்பொருட்டு எஞ்சினின் உறுப்புக்கள் தடித்தனவாயும் கனத்தனவாயும் அமைதல் இன்றியமையாதது. கனம் அதன் குறை. அக்கனத்தோடு வரும் உறுதியே அதன் நிறை. முறையாகப் பேணப்படும் டீசல் எஞ்சின் பல ஆயிரம் மணிநேரம் தளராது உழைக்கும்.

அதன் மற்றொரு வலிமை விசிறியிலே உள்ளது. கலத்தின் அடியிலே பெரிய விசிறியைப் பொருத்தி மெதுவாகச் சுழற்றலாம். சிறிதளவு நீரை விரைந்து தள்ளுவதிலும் பேரளவு நீரை மெல்லத் தள்ளுவதே வலுவை வீணாக்காத வழி. பாரமேற்றிய கலத்துக்கு வேண்டுவது இத்தகைய முறுக்கம். பந்தயக் குதிரைக்கும் பாரவண்டி எருதுக்கும் உள்ள வேறுபாடு இங்கே காணத்தக்கது. குதிரையை வண்டியிற் பூட்டினால் இழுக்கத்தான் செய்யும். ஆனால் நெடுந்தூரம் இழுக்க மாட்டாது.

மூன்றாவது, செலவு. ஒரு பரிவலுவை ஒரு மணிநேரம் பெறுதற்குப் பெற்றோல் எஞ்சின் ஏறக்குறைய அரை றாத்தல் எண்ணெயை உண்ணும்; டீசல் எஞ்சினுக்கு ஏறக்குறைய 0.4 றாத்தல் போதும். இது சிறு வேறுபாடாகத் தோன்றலாம். 600 பரிவலுவுள்ள எஞ்சினை முழு வலுவில் ஒரு மணிநேரம் ஓட்டினால், பெற்றோல் 185 லீற்றர் அளவிலும் டீசல் 130 லீற்றர் அளவிலும் செலவாகும். இரண்டு எஞ்சின் பூட்டிப் பத்து மணிநேரம் ஓடுங் கலத்துக்கு இவ்வேறுபாடு ஆயிரம் லீற்றரைத் தாண்டும். நடுக்கடலில் எண்ணெய் விற்பாரில்லை. ஆதலின் இது பணக்கணக்கு மாத்திரமன்று, கரை சேருங் கணக்குமாகும்.

நான்காவது, தீ. பெற்றோலின் ஆவி உறைநிலைக்குக் கீழே 40 பாகை செல்சியசிலும் தீப்பற்ற வல்லது. அவ்வாவி காற்றிலும் கனத்தது. ஆதலின் மேலெழுந்து கலையாது கலத்தின் அடித்தளத்திலே தேங்கி நிற்கும். மூடிய எஞ்சின் அறையில் ஒரு சிறு மின்பொறி எழுந்தாற் போதும். கலமே வெடித்துச் சிதறும். டீசலோ 50 பாகைக்கு மேல் வெப்பமேறினாலன்றித் தீப்பற்றத்தக்க ஆவியைத் தருவதில்லை. படுத்துறங்கும் அறைகளைக் கொண்ட பெருங்கலங்கள் டீசலை நாடுவதற்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

வெளியிணைப்பின் ஏற்றம்

இவ்வளவு சிறப்பும் உள்ளிணைப்புக்கு உண்டாயின், வெளியிணைப்பை நாடுவார் ஏன் என்று வினவலாம். அதற்கும் வலுவான காரணங்கள் உள.

வெளியிணைப்பு எஞ்சின் இலேசானது. ஒரே வலுவைத் தரும் டீசல் எஞ்சினோடு அதன் பற்சக்கரப் பெட்டி, தண்டு, சுக்கான் யாவற்றையுஞ் சேர்த்து நிறுப்பின் வெளியிணைப்பின் எடை மிகக் குறைவு. கலத்தினுள்ளே எஞ்சினுக்கென அறை ஒதுக்க வேண்டுவதில்லை. அவ்விடம் ஆட்களுக்கும் பொருளுக்கும் ஆகும். கலத்தின் அடியிலே தண்டுக்கென வைத்த துளையுமில்லை. துளையில்லாதவிடத்து அவ்வழியே நீர் கசிதலுமில்லை. ஆழங்குறைந்த நீரிலே எஞ்சினைச் சரித்து விசிறியை மேலே தூக்கிவிடலாம். உள்ளிணைப்புக் கலம் மணலிலோ முருகைக் கல்லிலோ ஏறினால் தண்டு வளையும், விசிறி ஒடியும், சுக்கான் பெயரும்.

பழுது பார்த்தலும் எளிது. உள்ளிணைப்பு எஞ்சினைத் திருத்துவோன் குனிந்தும் படுத்தும் எண்ணெயிற் புரண்டும் இடுக்குக்குள்ளே கைநீட்ட வேண்டும். முழு எஞ்சினையும் மாற்ற நேரின் மேற்றளத்தையே பெயர்க்க வேண்டிவருதலும் உண்டு. வெளியிணைப்பையோ மூடியைக் கழற்றி நின்றவாறே பார்க்கலாம். ஆகாதெனின் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். இரண்டு மூன்று எஞ்சின்களை அடுத்தடுத்துப் பூட்டினால் ஒன்று நின்றாலும் மற்றொன்று கரைசேர்க்கும்.

பெருங்கலங்களில் நேர்ந்த மாற்றம்

முன்னாளில் இவ்விரண்டுக்கும் இடையே எல்லை தெளிவாக இருந்தது. சிறு படகுக்கு வெளியிணைப்பு, பெருங்கலத்துக்கு உள்ளிணைப்பு என்பதே முறை. இரண்டின் நலனையும் ஒருங்கே பெறும் முயற்சியாக, எஞ்சின் உள்ளேயும் விசிறிக் கூடு பின்புறத்தே வெளியேயும் அமைந்த கலப்புமுறையைச் சுவீடன் நாட்டு வொல்வோ பென்ரா நிறுவனம் 1959ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது. அந்நிறுவனமே 2005ஆம் ஆண்டில், கலத்தின் அடியிலே முன்னோக்கிய விசிறிகளைக் கொண்டு தானே திரும்பும் கூடுகளையும் அறிமுகஞ் செய்தது.

மறுபுறத்தே வெளியிணைப்பு எஞ்சின்களின் வலு படிப்படியாக உயர்ந்தது. 2007ஆம் ஆண்டில் யப்பானின் யமகா நிறுவனம் 350 பரிவலு எஞ்சினை வெளியிட்டது. 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேர்க்குறி நிறுவனம் பன்னிரண்டு உருளைகளையும் 600 பரிவலுவையும் உடைய எஞ்சினை வெளியிட்டது. எவின்றூட்டின் முதல் எஞ்சினோடு ஒப்பிடின் இது 400 மடங்கு வலுவாகும். இதில் எஞ்சின் தலை அசையாது நிற்க, நீருள்ளிருக்கும் கூடு மாத்திரம் திரும்பும். இத்தகைய எஞ்சின்களை மூன்றும் நான்குமாகப் பூட்டிய ஐம்பது அடிக் கலங்களை இன்று புளோரிடாவிற் காணலாம்.

எனினும் வலு வந்துற்றமையால் யாவும் வந்துற்றதாகக் கொள்ளலாகாது. அவ்வெஞ்சின் ஒன்றின் எடை 572 கிலோகிராம். நான்கு பூட்டினால் 2,300 கிலோகிராம் அளவான பாரம் கலத்தின் கடைக்கோடியிலே தொங்கும். துலாவின் நுனியிலே ஆள் ஏறினாற் போன்றது அது. கலத்தின் பின்புறம் அமிழ, அணியம் உயரும். அப்பாரத்தைக் கருதியே அமைக்கப்பட்ட கலம் அதனைத் தாங்கும். உள்ளிணைப்புக்கென அமைத்த கலத்திற் பின்னாளில் வெளியிணைப்பைப் பூட்டுவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

அன்றியும், வேகமென்பது எஞ்சினை மாத்திரம் பொறுத்ததன்று. நீரைக் கிழித்துச் செல்லும் கனத்த கலத்துக்கு இயல்பானதோர் வேக எல்லை உண்டு. நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆற் பெருக்கினால் அவ்வெல்லை கடல்மைலில் வரும். 36 அடிக்கு மணிக்கு 8 கடல்மைல். 64 அடிக்கு ஏறக்குறைய 10.7 கடல்மைல். கனத்த கலத்தை இவ்வெல்லைக்கு மேல் உந்தினால், எஞ்சினின் வலு கலத்தைச் செலுத்துவதை விட்டு அலையை எழுப்புவதிலேயே கழியும். அவ்வெல்லையைத் தாண்டவல்லது நீரின்மேல் எழுந்து சறுக்கியோடும் இலேசான கலமே.

ஆகவே செல்வர்க்குரிய விடை இவ்வாறு அமையும். காலையிற் புறப்பட்டு மாலையில் திரும்பி, கரையோரமாக விரைந்தோடும் இலேசான கலமாயின் வெளியிணைப்புப் பொருந்தும். பல நாட் கடலிற் கிடந்து, அறைகளும் நீர்த்தொட்டிகளும் சுமந்து, நெடுந்தூரம் செல்லுங் கலமாயின் டீசல் உள்ளிணைப்பே தகும். நாற்பதடிக்கும் அறுபதடிக்கும் இடைப்பட்டவை எப்பணிக்கு என்பதை நோக்கியே முடிவுசெய்யத்தக்கன.

எம் கடலில்

இனி எம் கடலுக்கு வருவாம். மேலே கூறிய வேறுபாடுகள் யாவும் வடகடலிலே சிறிய அளவிற் காணப்படுகின்றன. கட்டுமரமும் வள்ளமும் பாயால் ஓடிய கரைகளில், 1950களின் பிற்பகுதி முதல் அரசினர் உதவியோடு மூன்றரைத் தொன் படகுகள் பரவலாயின. ஏறக்குறைய 28 அடி நீளமுள்ள இவை டீசல் உள்ளிணைப்பு எஞ்சின் உடையன. பின்னர்க் கண்ணாடி நாரிற் செய்த சிறு படகுகள் வந்தன. நோர்வே நாட்டு அன்பர்களின் துணையோடு 1967ஆம் ஆண்டிற் காரைநகரில் தொடங்கிய சீநோர்த் திட்டம் இத்துறையில் நினைவுகூரத்தக்கது. வெளியிணைப்பு எஞ்சினைப் பரப்பியவர் பிறந்த நாடே எமது கரைக்கும் படகுத் தொழிலைக் கொணர்ந்தமை வியக்கத்தக்க பொருத்தமாகும்.

இன்று பதினெட்டு அடியளவான கண்ணாடி நார்ப் படகும் அதன் பின்னே ஒரு வெளியிணைப்பு எஞ்சினும் எங்குங் காணப்படுகின்றன. அதற்குக் காரணம் வெளிப்படை. எமது பரவைக் கடல் ஆழங்குறைந்தது. விசிறியைத் தூக்கவியலாத படகு அங்கே உதவாது. துறைமுகமில்லாத கரைகளிற் படகை மணலிலே இழுத்தேற்ற வேண்டும். மாலையில் எஞ்சினைக் கழற்றித் தோளிற் சுமந்து வீட்டுக்குக் கொண்டுசென்றாற் களவுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. அதேவேளை, பல நாட் கடலிற் கிடந்து மீன்பிடிக்கும் பெரும்படகுகளும், தீவுகளுக்கு ஆட்களை ஏற்றும் படகுகளும் டீசல் உள்ளிணைப்பையே நம்பியுள்ளன. புளோரிடாச் செல்வர் பெரும்பணஞ் செலவிட்டுக் காணும் விடையை எமது கரையோரத் தொழிலாளர் பட்டறிவாற் கண்டுள்ளனர்.

ஆயினும் எண்ணெய் அவர் கையில் இல்லை. சிறு படகுகளின் எஞ்சின்களிற் பல, பெற்றோலால் உயிர்பெற்றபின் மண்ணெண்ணெயால் ஓடுவன. மண்ணெண்ணெய் மலிவாக விற்கப்பட்டமையே இம்முறை நிலைத்தற்குக் காரணம். 2022ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்ந்தபோது, அம்மலிவை நம்பி வாங்கிய எஞ்சின்கள் கரையிலே கிடந்தன. அன்று எஞ்சின் பழுதாகவில்லை. அதைத் தெரிந்தெடுத்த கணக்குப் பழுதாயிற்று. எந்த எண்ணெய் எவ்விலையிற் கிடைக்கும் என்பதும் எஞ்சினின் ஓர் உறுப்பே என்பதை அவ்வாண்டு உணர்த்தியது.

மற்றொரு பாடமும் உண்டு. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், பல நாட்டு நல்லோர் இலங்கைக் கடற்றொழிலாளருக்குப் படகுகளை வழங்கினர். அவற்றுட் சில விரைந்து கட்டப்பட்டமையாற் கடலுக்குத் தகாதனவாய் இருந்தன. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் இக்குறையைச் சுட்டிக்காட்டிற்று. கொடுத்தோர் நெஞ்சிற் குறையில்லை. கொள்வோரைக் கேளாமையே குறை.

தெரிந்தெடுக்கும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், எஞ்சினைத் தெரியுமுன் ஐந்து வினாக்களுக்கு விடை காணல் வேண்டும்.

முதலாவது, எந்தக் கடல்? ஆழமற்ற பரவைக் கடலா, அலையெறியும் ஆழ்கடலா, இழுத்தேற்றும் மணற்கரையா, நிறுத்திவைக்குந் துறையா?

இரண்டாவது, எவ்வளவு நேரம்? நாளொன்றுக்கு ஓரிரு மணிநேரம் ஓடும் எஞ்சினும் பதினாறு மணிநேரம் ஓடும் எஞ்சினும் ஒன்றல்ல. ஓட்டம் மிகுந்தால் டீசலின் முதற்செலவு எண்ணெயிலேயே மீளும்.

மூன்றாவது, எவ்வளவு பாரம்? வலையும் பனிக்கட்டியும் மீனும் ஏற்றிய படகை நினைந்து கணக்கிடுக. வெறும் படகை நினைந்தன்று.

நான்காவது, யார் திருத்துவார்? உதிரி உறுப்பு அருகிலுள்ள பட்டினத்திற் கிடைக்குமா? ஊர்க் கைவினைஞர் அதனை அறிவாரா? கிடைத்தற்கரிய சிறந்த எஞ்சினிலும் கிடைத்தற்கெளிய நல்ல எஞ்சினே மேல்.

ஐந்தாவது, எஞ்சின் நின்றால் என் செய்வது? ஒற்றை எஞ்சினை நம்பிக் கடலுக்குச் செல்வோர் துடுப்பையோ பாயையோ சிறியதொரு மாற்று எஞ்சினையோ உடன்கொண்டு செல்லல் கடமை. வெளியிணைப்பை ஓட்டுவோர் எஞ்சினை நிறுத்தும் கயிற்றைத் தம் உடலோடு பிணைத்தலும் வேண்டும். ஓட்டுபவர் தவறி நீரில் விழுந்தால் எஞ்சின் உடனே நிற்கும். 26 அடிக்கு உட்பட்ட படகுகளில் அத்தகைய ஏற்பாட்டைப் பயன்படுத்துதல் வேண்டுமென 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் சட்டமே வந்தது. சட்டம் இல்லாவிடத்தும் விசிறியின் கூர்மை ஒன்றேயன்றோ!

எவ்வகையாயினும் பேணாதது நிலையாது. உப்புநீரால் உள்ளே குளிர்விக்கப்படும் வெளியிணைப்பு எஞ்சினை ஒவ்வொரு நாளும் நன்னீராற் கழுவுதல் வேண்டும். நீருள் இருக்கும் உலோகத்தைக் காத்தற்பொருட்டுத் தான் அரிபடும் நாகத் துண்டுகளைக் காலந்தவறாது மாற்றுதல் வேண்டும். உள்ளிணைப்பின் தண்டுத்துளையில் நீர் கசிகின்றதா எனப் புறப்படுமுன் பார்த்தல் வேண்டும். இவை சிறு வேலைகள். எனினும் நடுக்கடலில் எஞ்சின் நிற்பதும் நில்லாததும் பெரும்பாலும் இவற்றையே பொறுத்தது.

எனவே, உள்ளிணைப்பு உயர்ந்தது, வெளியிணைப்புத் தாழ்ந்தது என்றோ, அதனை மறுதலித்தோ கூறுதல் பொருந்தாது. கலமும் கடலும் தொழிலும் கூடி எஞ்சினைத் தெரிகின்றன; விலைப்பட்டியல் தெரிவதன்று. கடல்கடந்து வாழும் எம் பழைய மாணவர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோளும் இதுவே. ஊருக்கொரு படகோ எஞ்சினோ அளிக்க விரும்பின், முதலில் அதனோடு கடலுக்குப் போகப்போகிறவரைக் கேளுங்கள். அவர் எந்தக் கரையிலிருந்து புறப்படுகிறார், எவ்வளவு தொலைவு செல்கிறார், எத்தனை மணிக்குத் திரும்புகிறார் என்பவற்றைக் கேட்டறிந்தபின் பணத்தை அனுப்புங்கள். அவ்வாறு கேட்டுக் கொடுக்கும் எஞ்சின் சிறிதாயினும் கரை சேர்க்கும்.